வாக்கு விழுந்தால் பணம்: வெகுமதி தரும் பதிவுத் தளங்கள் இயங்கும் விதம்

பதிவொன்றை எழுதி வெளியிட்டால், அதற்கு விழும் வாக்குகளுக்கு ஏற்ப எழுதியவருக்குப் பணம் கிடைக்கும் என்ற வாக்குறுதியுடன் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது ஸ்டீமிட் இணையத்தளம். நெட் ஸ்கொட், டான் லறிமர் ஆகிய இருவரும் அதன் நிறுவனர்கள். பேஸ்புக் போன்ற தளங்களில் மக்கள் எழுதுவதால் வரும் விளம்பர வருமானம் நிறுவனத்துக்கே போகிறது, அதனை எழுதுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் பகிர வேண்டும் என்பது இத்தகைய தளங்களை ஆதரிப்போரின் வாதம். 2020இல் ஸ்டீமிலிருந்து பிரிந்த ஹைவ் என்ற வலையமைப்பும் ஏறத்தாழ இதே முறையில் இயங்குகிறது.

எமது மக்களிடம் எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள், விடுவிக்கப்படாத காணிகள், முகாம் வாழ்க்கை, புலம்பெயர்ந்த பின்னரான தனிமை என்று அது நீளும். வருமானத்துக்கான தேவையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் தருவதாகச் சொல்லும் தளமொன்றில் நேரத்தையும் அனுபவத்தையும் செலவிடுவதற்கு முன்னர், அங்கே ஒரு பதிவு எப்படி மேலே வருகிறது, எப்படி அடியில் புதைகிறது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இத்தளங்களின் அடித்தளம் பிளொக்செயின் எனப்படும் பொதுப் பதிவேடு. பல கணினிகளில் ஒரே நேரத்தில் பிரதியெடுத்து வைக்கப்படும் இந்தப் பதிவேட்டில்தான் பதிவுகளும் வாக்குகளும் கொடுப்பனவுகளும் எழுதப்படுகின்றன. வலையமைப்பு தொடர்ச்சியாகப் புதிய நாணயங்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். அவற்றின் பெரும்பகுதி வெகுமதி நிதியொன்றுக்குள் சேர்கிறது. 2019ஆம் ஆண்டு மாற்றத்தின் பின்னர் ஸ்டீமில் இந்தப் பங்கு 65 சதவீதமாக இருந்தது. வாக்குகளைப் பொறுத்து அந்த நிதி பதிவுகளுக்கிடையே பிரிக்கப்படுகிறது.

ஆகவே இது விளம்பரதாரர் தரும் பணம் அல்ல. புதிதாக உருவாக்கப்படும் நாணயத்துக்குச் சந்தையில் விலை இருக்கும் வரைதான் அந்த வெகுமதிக்கும் பெறுமதி. ஸ்டீம் நாணயத்தின் விலை 2018 ஜனவரியில் 7 டொலரைத் தாண்டியது. அதே ஆண்டின் இறுதியில் அரை டொலருக்கும் கீழே விழுந்தது. அந்த நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் தனது பணியாளர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானவர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. ஒரே உழைப்புக்கு ஜனவரியில் கிடைத்த தொகையும் டிசம்பரில் கிடைத்த தொகையும் ஒன்றாக இருக்கவில்லை.

ஒரு வாக்கின் எடை

தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. இங்கே அப்படியல்ல. ஒருவர் தனது கணக்கில் முடக்கி வைத்திருக்கும் நாணயத்தின் அளவே அவரது வாக்கின் எடையைத் தீர்மானிக்கிறது. 50 நாணயங்களை முடக்கியவரின் வாக்கைவிட 50,000 நாணயங்களை முடக்கியவரின் வாக்குக்கு ஆயிரம் மடங்கு எடை. ஆயிரம் சாதாரண வாசகர்கள் சேர்ந்து செய்வதை ஒரு பெரிய கணக்கு ஒரே சொடுக்கில் செய்துவிடும். இத்தகைய பெரிய கணக்குகளை அங்குள்ளவர்கள் ‘திமிங்கிலங்கள்’ என்கிறார்கள்.

தொடக்கத்தில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. வெகுமதி வாக்குகளின் எடையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. அதாவது, 10 மடங்கு எடை விழுந்த பதிவுக்கு 100 மடங்கு வெகுமதி. 2017 ஜூனில் இது நேர்விகிதமாக மாற்றப்பட்டது. 2019 ஓகஸ்டில் மீண்டும் திருத்தப்பட்டு, மிகக் குறைந்த வாக்குகள் பெறும் பதிவுகளுக்கு விகிதாசாரத்தைவிடக் குறைவாகக் கிடைக்கும்படி ஆக்கப்பட்டது.

வாக்களிக்கும் சக்தி அளவற்றதல்ல. முழு வலுவுடன் இடும் ஒரு வாக்கு அந்தச் சக்தியில் 2 சதவீதத்தைச் செலவழிக்கிறது. நாளொன்றுக்கு 20 சதவீதம் மீண்டும் நிரம்புகிறது. ஆகவே ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முழு வாக்குகளை இடலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வாக்கின் பெறுமதியும் தேயும்.

ஒரு பதிவு 7 நாட்களுக்கு மட்டுமே பணம் ஈட்டும். அதன் பிறகு எத்தனை பேர் வாக்களித்தாலும் எழுதியவருக்கு எதுவும் சேராது. ஆண்டுகள் கழித்தும் தேடி வாசிக்கப்படக்கூடிய ஆய்வுக் கட்டுரைக்கும் நேற்றைய சாப்பாட்டுப் படத்துக்கும் இந்த விதி ஒன்றுதான்.

வாக்களிப்பவருக்கும் பங்கு உண்டு. முன்னர் எழுதியவருக்கு 75, வாக்களித்தவர்களுக்கு 25 சதவீதம் என்று இருந்தது, 2019 ஓகஸ்டில் பாதிக்குப் பாதி ஆனது. நல்ல எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு ஊக்கம் கொடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது.

முன்பக்கத்துக்கு வருவது எப்படி?

பதிவுகள் பொதுவாக மூன்று வரிசைகளில் காட்டப்படுகின்றன. ‘புதியவை’ வரிசை நேரத்தை மட்டும் பார்க்கும். ‘சூடானவை’ வரிசையில் அண்மையில் வெளியாகி விரைவாக வாக்குப் பெறுபவை மேலே வரும். ‘ட்ரென்டிங்’ வரிசையில் வாக்குகளின் மொத்த எடைக்கே முதலிடம். முன்பக்கத்தில் தெரிவதைத்தான் அதிகம் பேர் திறந்து பார்ப்பார்கள் என்பதால், தொடக்கத்திலேயே ஒரு பெரிய வாக்கு விழுந்த பதிவுக்குத் தொடர்ந்தும் வாக்குகள் சேர்கின்றன. புதிதாக வந்தவரின் பதிவோ, புதியவற்றின் பெருக்கில் அடித்துச் செல்லப்படுகிறது.

இதற்கு மேல் நன்மதிப்பு எண் ஒன்று இருக்கிறது. எல்லோரும் 25 என்ற எண்ணில் தொடங்குவார்கள். ஆதரவு வாக்குகள் அதனை உயர்த்தும், எதிர்வாக்குகள் தாழ்த்தும். கடுமையான எதிர்வாக்குகளைப் பெற்ற பதிவுகள் மங்கலாக்கப்படும் அல்லது மறைக்கப்படும். எதிர்வாக்கின் எடையும் நாணயத்தைப் பொறுத்ததே. பெரிய கணக்கு ஒன்றுடன் முரண்பட்டவரின் எழுத்து ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

பலர் தமது வாக்கைத் தானியங்கி நிரல்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட எழுத்தாளர் பதிவிட்டதும் வாக்கு தானாகவே விழும். வேறொருவர் வாக்களிக்கும் இடத்தில் எல்லாம் தானும் வாக்களிக்கும்படியும் அமைக்கலாம். ஒரு பதிவுக்கு 300 வாக்குகள் விழுந்திருப்பதைக் கொண்டு 300 பேர் அதை வாசித்தார்கள் என்று முடிவுசெய்ய முடியாது.

விலைக்கு விற்ற வாக்குகள்

எடை கூடிய வாக்குக்குப் பெறுமதி இருந்தால் அதை விற்கவும் ஆள் வரும். 2017, 2018 காலப்பகுதியில் வாக்கு விற்கும் ‘பொட்’கள் ஸ்டீமிட்டில் பெருகின. ஒரு தொகையை அனுப்பினால் அதற்கேற்ற வாக்கு பதிவில் விழும். ட்ரென்டிங் பக்கம் பணம் கட்டியவர்களின் விளம்பரப் பலகைபோல ஆனது. பெரிய கணக்குகளின் உரிமையாளர்களும் வாசித்து வாக்களிப்பதைக் கைவிட்டு, தமது நாணயங்களின் வலுவை பொட்களிடம் குத்தகைக்கு விட்டார்கள். 2019இல் செலவின்றி எதிர்வாக்கு இடும் வசதி கொடுக்கப்பட்டதும், வாக்களிப்பவரின் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டதும் இதனைக் கட்டுப்படுத்தத்தான். அதன்பின் பொட்களின் செல்வாக்கு பெருமளவு குறைந்தது. நண்பர்கள் தமக்குள் மாறிமாறி வாக்களித்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை.

2020: யாருடைய தளம்?

2020 பெப்ரவரியில் ட்ரொன் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். நிறுவனம் ஆரம்பத்திலேயே திரட்டி வைத்திருந்த பெருந்தொகை நாணயங்களும் அதனுடன் அவரிடம் போயின. வலையமைப்பை இயக்கும் ‘சாட்சிகள்’ எனப்படும் பொறுப்பாளர்கள் அந்த நாணயங்களை முடக்கினார்கள். மார்ச் 2ஆம் திகதி பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய நாணயமாற்று நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்கள் வைப்பிலிட்டிருந்த நாணயங்களின் வலுவைப் பயன்படுத்தி, அந்தப் பொறுப்பாளர்கள் வாக்கெடுப்பில் அகற்றப்பட்டார்கள். இதை எதிர்த்தவர்கள் மார்ச் 20ஆம் திகதி பிரிந்துசென்று ஹைவ் வலையமைப்பைத் தொடங்கினார்கள். யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லப்பட்ட தளத்தில், பெரும்பங்கு நாணயம் யாரிடமோ அவரிடமே அதிகாரம் என்பதை அந்த மாதம் எல்லோருக்கும் காட்டியது.

எழுத நினைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

முதலாவது, சேர்வதற்குப் பணம் கட்டச் சொல்பவரையோ, வாக்கு வாங்கித் தருவதாகச் சொல்பவரையோ நம்ப வேண்டாம். கிடைக்கும் வெகுமதியின் ஒரு பகுதி உடனே எடுக்க முடியாதபடி முடக்கப்பட்டே வரும். ஹைவில் அதனை விடுவிக்க 13 வாரங்கள் ஆகும், வாரந்தோறும் ஒரு பங்காக வரும். இலங்கையில் மெய்நிகர் நாணயம் சட்டரீதியான பணம் அல்ல என்றும், அதில் ஈடுபடுவது ஆபத்தானது என்றும் மத்திய வங்கி பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

இரண்டாவது, கணக்கின் திறவுச்சொல்லைத் தொலைத்தால் பொதுவாக மீட்டெடுக்க வழியில்லை. அதனைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், எவரிடமும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தொடக்கத்தில் பதிவைவிடக் கருத்துரைகளே ஒருவரை அறிமுகப்படுத்தும். தனக்குத் தெரிந்த துறையின் குழுமத்தில் சேர்ந்து, மற்றவர்களின் எழுத்தை வாசித்துப் பதில் எழுதுபவரைத்தான் அங்குள்ளவர்கள் கவனிப்பார்கள். பிறரது எழுத்தையோ படத்தையோ பிரதிசெய்தால் எதிர்வாக்குகள் விழும். தமிழில் மட்டும் எழுதினால், தமிழ் தெரியாத பெரிய கணக்குகளின் வாக்கு கிடைப்பது அரிது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும்.

நான்காவது, எம்மவர்களுக்கு மிக முக்கியமானது. பிளொக்செயினில் ஏறிய எழுத்து அழியாது. பதிவைத் திருத்தலாம், ஆனால் முதலில் எழுதியதும் பதிவேட்டில் அப்படியே இருக்கும். அதை எவரும் தேடி எடுக்கலாம். பேஸ்புக்கில் நினைவுகூரல் படமொன்றைப் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானவர்கள் உள்ள நாடு இது. சாட்சியமாக ஒன்றை எழுதும்போது அதில் வரும் தாய், சகோதரன், அயலவர் ஆகியோரின் பெயர், ஊர், படம் என்பவற்றை இடுவதற்கு அவர்களின் சம்மதம் வேண்டும். இன்று சம்மதித்தவர் நாளை பயந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்க முடியாது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்ல வேண்டும். அந்த உறுதி இல்லாதவிடத்து, அத்தகைய எழுத்தை நம்பிக்கையான ஆவணக் காப்பகத்திடமோ மனித உரிமை அமைப்பிடமோ ஒப்படைத்துவிட்டு, சமையலையும் விவசாயத்தையும் பயணத்தையும் மட்டும் இங்கே எழுதுவது பாதுகாப்பானது.