அலரும் அச்சமும்: இணையவழி மிரட்டல் பற்றிய சட்ட வரலாறு

அகப்பொருள் இலக்கணம் அம்பல், அலர் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி உரைக்கின்றது. அரும்பு நிலையில் நிற்கும் பழிச்சொல் அம்பல். ஊரறிய மலர்ந்தது அலர். அகத்துள் அலர் வரைவினை விரைவுபடுத்தும் துணையாக நின்றது. இக்காலத்தே அதுவே கொடியோர் கைப் படைக்கலமாயிற்று. பெண்ணின் படத்தை இணையத்தில் பரப்புவதாக அச்சுறுத்திப் பொருளையும் உடலையும் வேண்டுவார்க்கு, படம் வெளிப்படாதிருக்கும் வரையிலேயே வலிமை மிகுதி. ஆகவே இக்குற்றம் அலரில் அன்று, அலருக்கு அஞ்சும் அச்சத்திலேயே வாழ்கின்றது. நம் சட்டம் அவ்வச்சத்தை எங்ஙனம் நோக்கிற்று என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 383ஆம் பிரிவு, அச்சுறுத்திப் பறித்தலைச் சொத்து பற்றிய குற்றங்களுள் வைத்தது. பணம் வேண்டின் அப்பிரிவு பொருந்தும்; உடலை வேண்டின் பொருந்தாது. நற்பெயர்க்கு ஊறு செய்வதாக மிரட்டுதல் 503ஆம் பிரிவில் அடங்கும். அதற்கு 506ஆம் பிரிவு விதித்த சிறை இரண்டாண்டு வரையில். கொலை மிரட்டல் முதலியவற்றோடு, பெண்ணுக்குக் கற்பின்மை சாற்றுவதாக மிரட்டுதற்கும் அப்பிரிவு ஏழாண்டு வரை சிறை விதித்தது. தண்டனையை மிகுவிக்க அது கொண்ட அளவுகோல் பெண்ணின் இசைவு அன்று, கற்பே. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவிலும் அவ்வளவுகோல் மாறாதிருத்தல் கருதத்தக்கது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் ஆபாசம் வெளியிடுதலைத் தண்டித்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தரங்க மீறலையும் குற்றமாக்கிற்று. 2013இல் வந்த 354சி பிரிவு, படமெடுக்க இசைந்த பெண் அதனைப் பரப்ப இசையாவிடின் பரப்புதல் குற்றமே என்றது. இசைவை அளவுகோலாக்கிய இஃது ஒரு பெருந்திருப்பம். ஆயினும் இவை படமெடுத்தலையும் பரப்புதலையுமே நோக்குவன. பரப்பாது மிரட்டுவோனைத் தண்டிக்க மீண்டும் 1860ஆம் ஆண்டுச் சொற்களையே நாட வேண்டியுள்ளது.

இனிச் சமூகத் தடையைக் காண்பாம். 2019இல் பொள்ளாச்சியில், காணொளி கொண்டு மிரட்டப்பட்ட இளம்பெண் ஒருவர் முறையிட்டார். காவல்துறை உயர் அலுவலர் ஒருவர் செய்தியாளரிடையே அவர் பெயரைக் கூறினார். அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. மிரட்டினோர் எதனைச் செய்வதாக அச்சுறுத்தினரோ, அவ்வலரை முறைகேட்கும் இடமே தோற்றுவித்தது என்க. 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பதின்மர்க்கு வாழ்நாள் சிறை விதித்தது. பெண்கள் சிலர் அச்சம் கடந்து சான்று பகர்ந்தமையே இதனை இயல்வித்தது.

1983இல் சேர்க்கப்பட்ட 228ஏ பிரிவு, அதன் வழிவந்த இன்றைய 72ஆம் பிரிவு ஆகியன வன்புணர்ச்சிக் குற்றங்களுக்கே பெயர்மறைப்பை வழங்குகின்றன. மிரட்டலுக்கு மட்டும் ஆளானவர்க்கு அக்காப்பு இல்லை. அலருக்கு அஞ்சி வாயடைத்து நிற்பவர்க்கு முதற்கண் வேண்டுவது அதுவே. எனவே பெயர்மறைப்பை அவர்க்கும் நீட்டித்தலும், கற்பென்னும் அளவுகோலை நீக்கி இசைவை வைத்தலும் சட்டம் செய்யவேண்டிய பணிகளாம்.