குடித்தனக்காரி

சென்னையில் வாடகைக்கு இருப்பவரைக் குறிக்க ஒரு பழைய சொல் உண்டு: குடித்தனக்காரர். "மாடிக்குப் புதுசா குடித்தனம் வந்திருக்காங்க" என்று இன்றும் சொல்கிறோம். ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பல குடும்பங்கள் பங்கிட்டு வாழ்ந்த திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வீடுகளுக்கு ஒண்டுக்குடித்தனம் என்றே பெயர். குடித்தனம் என்றால் குடும்ப வாழ்க்கை என்றும் பொருள். வாடகைக்கு வருகிறவர்கள் குடும்பமாகத்தான் வருவார்கள் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பெண்பாலாக்கிப் பாருங்கள். குடித்தனக்காரி என்றால் சிக்கனமாகக் குடும்பம் நடத்தத் தெரிந்தவள் என்றுதான் பேச்சுவழக்கில் பொருள். தன் பெயரில் வீடு எடுத்து, தன் சம்பளத்தில் வாடகை கொடுக்கும் பெண் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கு இது ஒரு சொற்பொருள் செய்தியாக மட்டுமே இருந்தது, 2022இல் ஈக்காட்டுத்தாங்கலில் வீடு தேடத் தொடங்கும் வரை.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்கல் என்பது பாசனத்துக்காக நீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ஈக்காட்டுத்தாங்கலின் ஒரு பக்கம் அடையாறு ஓடுகிறது. இன்னொரு பக்கம் 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை. பட்டறைகளும் சிறு ஆலைகளும் நிறைந்த அந்தப் பேட்டையை இங்குள்ளவர்கள் 'எஸ்டேட்' என்றே சொல்வார்கள். அங்கே வேலைக்குப் போனவர்கள் நடந்து போகும் தூரத்தில் ஓட்டு வீட்டிலும், ஒற்றை அறை போர்ஷனிலும் குடியிருந்தார்கள்.

2000களில் எஸ்டேட்டுக்குள் ஒலிம்பியா டெக் பார்க் எழுந்தது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் ஏழு நிலையங்களில் ஒன்று ஈக்காட்டுத்தாங்கல். அதே ஆண்டு டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரை புரண்டது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை எங்கும் வீடுகளுக்குள் வெள்ளம். ஐந்தே மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டும் இந்த ஊரில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்பதை மாற்றின. மெட்ரோ வந்ததால் தரைக்கு விலை ஏறியது. வெள்ளம் வந்ததால் ஆற்றோரக் குடும்பங்களில் பல பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை 2 என்று வைத்தன. மனையின் பரப்பைப் போல இரு மடங்கு கட்டலாம் என்று பொருள். பழைய தனி வீட்டை பில்டரிடம் கொடுத்து, இடித்துக் கட்டி, ஆளுக்குப் பாதி ஃபிளாட் என்று பிரித்துக்கொள்வது தெருவுக்குத் தெரு நடக்கிறது. அப்படி இடிக்கப்படும் வீட்டின் பின்கட்டில் குறைந்த வாடகைக்கு இருந்தவருக்குப் புதிய கட்டடத்தில் இடம் இருப்பதில்லை.

எளியவர்கள் வாழும் பகுதிக்கு வசதியுள்ளவர்கள் வந்து சேர்ந்து, வாடகை ஏறி, இருந்தவர்கள் வெளியேறும் இந்த நிகழ்வுக்கு 1964இல் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தவர் ரூத் கிளாஸ் என்ற பெண். பெர்லினில் பிறந்து, லண்டனில் வாழ்ந்த சமூகவியலாளர். அந்தச் சொல்லைப் படைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவர் வேறொன்றைச் செய்தார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்தவர்களைப் பற்றிய நூலுக்காக, உள்ளூர்ச் செய்தித்தாளின் வாடகை விளம்பரங்களை எடுத்துவைத்துப் படித்தார். நிறத்தவர்க்கு இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்த விளம்பரங்கள் அவற்றில் இருந்தன. வாடகை ஏறுவதும் ஆளைப் பார்த்துக் கதவை அடைப்பதும் சேர்ந்தே நடக்கும் என்பதை நாம் அவரிடமிருந்து படிக்கலாம்.

எனக்குத் தேவைப்பட்டது இரண்டு படுக்கையறை வீடு. நான், அம்மா, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். கணவரைப் பிரிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று வாரங்களில் பதினான்கு வீடுகள் பார்த்தேன். வாடகையைப் பற்றிப் பேசும் முன்பே கேள்வி வந்துவிடும். "சார் எங்க வேலை பாக்குறாரு?" சார் இல்லை என்றால், "அப்போ அண்ணன், தம்பி யாராவது?" அடுத்தது, "எந்த ஊரு நீங்க?" ஊரைச் சொன்னால் அங்கே எந்தத் தெரு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் பெயர் சாதி. பிறகு, "நான்வெஜ் சமைப்பீங்களா?" கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "ஆம்பளைங்க யாரும் வரப் போக இருக்க மாட்டாங்களே?" ஒரு புரோக்கர் என்னை 'லேடி பேச்சிலர்' என்று போனில் அறிமுகப்படுத்தினார். பக்கத்தில் என் அம்மா நின்றுகொண்டிருந்தார். மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்தும் ஒரு ஃபேமிலி ஆக முடியவில்லை.

இந்தக் கேள்விகளுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பட்டம் பெற்றவர் சகோதரி சுப்புலட்சுமி. பதினோரு வயதில் கைம்பெண் ஆனவர். தன்னைப் போன்ற இளம் கைம்பெண்களைப் படிக்கவைக்க 1912இல் எழும்பூரில் தன் குடும்பம் இருந்த வீட்டிலேயே நான்கு பேரோடு தொடங்கினார். தலை மழித்த பெண் எதிரே வந்தாலே அபசகுனம் என்று நினைத்த நகரம் அது. அந்த இல்லம் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம், கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட கிடங்கு. பனிக்கட்டிக்குக் கட்டிய சுவருக்குள் பெண்கள் படித்தார்கள். ஆனால் அந்த விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கானது.

அந்த வரம்புக்கு வெளியே நின்றவர்களின் கதை 1930இல் தெரிகிறது. தேவதாசி முறையிலிருந்து வெளியேறிய சிறுமிகள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. சட்டமன்றத்தில் தேவதாசி ஒழிப்புக்கு வாதாடியவருக்கே, விடுதலையான பெண் இரவில் எங்கே படுப்பாள் என்ற கேள்விக்குச் சொந்த வீட்டைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை. இதற்கெல்லாம் முன்பு, 1917இல், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் அரசுப் பணியில் சேர்ந்தும் தங்க இடமின்றி, பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கி, தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். பட்டமும் பதவியும் வாடகைக் கதவைத் திறக்காது என்பதற்கு அவரே சாட்சி.

சட்டம் என்ன செய்தது? சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்தில், 1941இல், ஓர் ஆணையாக வந்தது. பிறகு 1946, 1949, 1960 எனச் சட்டங்கள். 1960 சட்டம் நியாய வாடகை நிர்ணயிக்க வழி செய்தது. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அதே காலத்தில் சென்னையில் நடைமுறை பத்து மாத அட்வான்ஸ். அந்தச் சட்டத்தில் நாம் மறந்துபோன ஒரு பிரிவு உண்டு. வீடு காலியானால் உரிமையாளர் ஏழு நாட்களுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு விரும்பினால் அந்த வீட்டை எடுத்துக்கொண்டு அரசு ஊழியருக்கு ஒதுக்கலாம். 'என் வீடு, நான் நினைத்தவருக்குத்தான் கொடுப்பேன்' என்பது அசைக்க முடியாத உரிமை என்று இன்று சொல்லப்படுகிறது. தன் ஊழியருக்கு வீடு தேவைப்பட்டபோது அரசு அந்த உரிமையை எளிதாகவே தாண்டியிருக்கிறது.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் 1960 சட்டத்தை நீக்கியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்றது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அந்த வரி 'மாறான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்று தொடங்குகிறது. மாறான ஒப்பந்தத்தை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பவர் வீட்டுக்காரர். பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் இல்லாத ஒன்று உண்டு: சாதி, மதம், பால், மணநிலை காரணமாக வீடு மறுப்பது குற்றம் என்ற பிரிவு. அரசமைப்பின் 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடுகிறது. வீடு அதில் இல்லை.

குடும்பத்துக்குள் இருக்கும் பெண்ணுக்கும் வாடகை வீட்டில் நிலையான கால் இல்லை. பெங்களூரு வழக்கு ஒன்றில் 2005இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் விட்டுப் போன வாடகை வீட்டில் இருக்கும் மனைவி, காலி செய்யும் வழக்கை அவர் இடத்தில் நின்று எதிர்க்கலாம். மணமுறிவு ஆகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். வாடகைக்காரர் கணவர், மனைவி அவர் வழியாக அங்கே இருப்பவர். அதே 2005இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரு படி மேலே போனது. வாடகை வீட்டையும் பகிர்ந்து வாழும் இல்லமாக ஏற்றது. தேவைப்பட்டால் மாற்று வீட்டுக்கான வாடகையைக் கணவர் தர வேண்டும் என உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. அந்த உத்தரவைக் கையில் வைத்திருக்கும் பெண் வீடு தேடிப் போனால், "சார் எங்க வேலை பாக்குறாரு?" என்ற கேள்விதான் முதலில் வரும். நீதிமன்றம் வாடகைப் பணத்தை வாங்கித் தரும், கதவைத் திறந்து தராது.

கடைசியில் எனக்கு வீடு கொடுத்தவர் ஓர் அம்மாள். கணவர் இறந்த பிறகு, பில்டர் பங்காகக் கிடைத்த இரண்டு ஃபிளாட்டில் ஒன்றில் தனியாக இருந்தார். பேசிப் பிடித்துப்போன பிறகும், "அக்ரிமென்ட்ல உங்க தம்பி கையெழுத்து இருந்தா எனக்கு ஒரு தைரியம்மா" என்றார். சம்பளம் என்னுடையது, பெயரும் என்னுடையதாகத்தான் இருக்கும் என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, தன் பெயரில் பத்திரம் இருந்தும் மின் இணைப்பு இன்னும் கணவர் பெயரிலேயே இருப்பதைச் சொன்னார். உரிமையாளரும் வாடகைக்காரரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள்தான். இருந்தும், இருவரும் ஓர் ஆணின் பெயருக்கடியில் ஒதுங்கி நிற்கும்படி பழக்கப்பட்டிருக்கிறோம்.

மாதச் சம்பளமும் பேராசிரியர் என்ற அடையாள அட்டையும் உள்ள எனக்கு வீடு கிடைத்துவிட்டது. ஆனால் நான் கொடுக்கும் வாடகையும் இந்தத் தெருவின் வாடகையை ஏற்றும் கணக்கில் சேர்கிறது. ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போன பெண்களில் பலர் இந்தப் பக்கத்து வீடுகளில் வேலை செய்தவர்கள். காலை ஆறு மணி வேலைக்கு அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் பிடித்து வர முடியாமல் வேலையை விட்டவர்களின் கதையை இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். தனியாக வீடு எடுக்கும் பெண்ணின் உரிமையைப் பேசும்போது, வீட்டோடு வேலையையும் இழந்த இந்தப் பெண்ணை விட்டுவிட்டால் நாம் பேசுவது பாதிக் கதை.

அரசு நடத்தும் தோழி விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதுகாப்பான கட்டில் தருகின்றன, நல்லது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு; அதுவும் நல்லது. ஆனால் அந்தத் தொகைக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஃபிளாட் கிடைக்காது. விடுதிக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில்தான் நம்மில் பெரும்பாலோர் வாழ்கிறோம். அந்த நடுவிடத்துக்கு இரண்டு வரிகள் வேண்டும். சாதி, மதம், மணநிலை கேட்டு வீடு மறுப்பது தவறு என்று 2017 சட்டத்தில் ஒரு வரி. முன்பண வரம்பிலிருந்து 'மாறான ஒப்பந்தம்' என்ற விலக்கை நீக்கும் இன்னொரு வரி.

அது வரும் வரை, என் மாணவிகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேலைக்குப் போய் வீடு எடுத்தால், அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள், உங்கள் பெயரில் எழுதச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள், ஒரு பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தத் தாள்தான் பேசும். தமிழில் குடித்தனக்காரி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளைச் சேர்க்க அகராதிக்காரர்களுக்குச் சான்று வேண்டும். அத்தகைய ஒப்பந்தங்களே அந்தச் சான்று.