வலைப்பதிவு பேணல்

வலைப்பதிவு பேணல் என்பது, ஒரு நிறுவனத்தின் தளத்தில் தனியாள் எழுதிவரும் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் படிக்கக் கிடைக்கும்படி காத்து வைக்கும் வேலை. தமிழில் இது பெரும்பாலும் கூகுளின் பிளாக்கரையும் வேர்ட்பிரஸ்.காமையும் சார்ந்தது. சேவையகத்தை ஓட்டுவதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் அந்த நிறுவனங்களின் பொறுப்பு. உள்நுழையும் கணக்கு, பதிவின் முகவரி, வார்ப்புருவில் ஒட்டிய நிரல்துண்டுகள், எழுதியவற்றின் படி ஆகிய நான்கும் எழுதுபவர் கையில் இருப்பவை. பதிவுகள் காணாமற்போன கதைகளைக் கேட்டுப் பார்த்தால், இந்த நான்கில் ஏதோ ஒன்று கைநழுவியதாகவே பெரும்பாலும் இருக்கும். எனவே பேணல் என்பது தொழில்நுட்பத் திறமையைவிட முன்யோசனையையே அதிகம் கேட்கிறது.

தமிழ்ப் பதிவுகளின் பின்னணி

பிளாக்கரை பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999 ஆகஸ்டில் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. தமிழில் வலைப்பதிவுகள் தோன்றியதும் அதே 2003இல்தான். அடுத்த ஆண்டு காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக்கிடந்த பதிவுகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியது. தேன்கூடு, தமிழிஷ் முதலிய திரட்டிகள் பின்னால் வந்தன. எ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் யுனிகோடில் தட்டச்சுவதை எளிதாக்கின. மென்பொருள் ஊழியர், ஓய்வுபெற்ற அலுவலர், இல்லத்தரசி, புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் என்று அதுவரை அச்சில் இடம் கிடைக்காத பலர் எழுதத் தொடங்கினார்கள். ஒரு தலைமுறையின் ஊர்க்கதைகளும் சமையல் குறிப்புகளும் திரை விமர்சனங்களும் சண்டைகளும் இந்தப் பதிவுகளில்தான் இருக்கின்றன. அச்சு நூலைப்போல நூலகத்துக்குப் படி அனுப்பும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. எழுதியவர் காக்காவிட்டால் வேறு யாரும் காப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

அடையாளமும் கணக்கும்

தமிழ்ப் பதிவுலகத்தைப் பாதுகாப்பைப் பற்றிக் கடுமையாக யோசிக்க வைத்தது, சென்னையின் தென்புறநகரில் வாழ்ந்த ஒருவருக்கு நேர்ந்த சிக்கல். நங்கநல்லூரைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் டோண்டு ராகவன், 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடர்ச்சியான ஆள்மாறாட்டத்துக்கு ஆளானார். அவர் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்குகள் முளைத்தன. பிறர் பதிவுகளில் அவர் எழுதியதுபோல ஆபாசப் பின்னூட்டங்கள் விழுந்தன. அன்றைய பிளாக்கரில், கணக்கே இல்லாதவரும் எந்தப் பெயரையும் எந்தத் தள முகவரியையும் தட்டிப் பின்னூட்டம் இடலாம். பெயரைச் சொடுக்கினால் உண்மையான ஆளின் பதிவுக்கே அது இட்டுச்செல்லும் என்பதால் ஏமாறுவது எளிதாக இருந்தது.

அவர் கண்ட வழி இன்றும் பாடமாகச் சொல்லத் தகுந்தது. மவுஸ் சுட்டியைப் பெயரின் மேல் வைத்தால் உலாவியின் அடியில் பிளாக்கர் கணக்கு எண் தெரியும். அது தம்முடைய எண்தானா என்று பார்க்கச் சொன்னார். கூடவே படம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்றாவதாக, தாம் வெளியே இடும் பின்னூட்டங்களின் நகலைத் தம் பதிவின் ஒரு குறிப்பிட்ட இடுகையிலும் இட்டுவைத்தார். முதல் சோதனைக்குப் பதிவர்களிடையே 'எலிக்குட்டி சோதனை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயரையும் படத்தையும் யாரும் திருடலாம். மூன்று சோதனைகளையும் ஒருசேரக் கடப்பது அவ்வளவு எளிதன்று. ஒரே ஆள்தான் என்பதை இரண்டு தனித்தனி இடங்களில் உறுதிசெய்யும் இந்த முறையின் அடிப்படை எண்ணம் இன்றைய இருபடிச் சரிபார்ப்பை ஒத்தது. கணினிப் பாதுகாப்பு படிக்காத ஒருவர், சிக்கலின் நடுவில் நின்றுகொண்டு அதைத் தாமே கண்டுபிடித்தார் என்பது மதிக்கத்தக்கது.

இன்று பிளாக்கர் பதிவுக்கான சாவி கூகுள் கணக்கு. அதற்கு இருபடிச் சரிபார்ப்பை இயக்குவதோடு, கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளை அச்சிட்டு வீட்டு ஆவணங்களோடு வைப்பது நல்லது. மீட்புக்கான கைபேசி எண்ணைத் தனியே கவனிக்க வேண்டும். இந்தியாவில் பிரீபெய்டு எண்ணை 90 நாள்கள் பயன்படுத்தாமல் விட்டால் அது துண்டிக்கப்படலாம். பிறகு வேறொருவருக்குப் போகலாம். பதிவு தொடங்கிய காலத்து எண் இன்று யாரிடமோ இருக்க, கணக்கின் மீட்புச் செய்தி அவருக்குப் போவது கற்பனை அன்று. சென்னையின் தென்புறநகரில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் ரயில் நிலையங்களை ஒட்டிய பிரவுசிங் சென்டர்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் எப்போதாவது உள்நுழைந்தவர்கள், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும் சாதனப் பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றிவிட வேண்டும். நம்பிக்கையான இன்னொருவரைப் பதிவின் நிர்வாகியாகச் சேர்ப்பது எல்லாவற்றையும்விடப் பயனுள்ள காப்பு. தமிழ்ப் பதிவர்கள் பெரும்பாலும் செய்யத் தயங்குவதும் அதுவே.

முகவரி

முகவரிச் சிக்கலுக்கு இந்தியாவுக்கென்றே ஒரு வரலாறு உண்டு. 2012 தொடக்கத்தில் பிளாக்கர், இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் தானாகத் திருப்பத் தொடங்கியது. நாட்டுக்கு நாடு தனித்தனியே பதிவுகளை நீக்க வசதியாக இருக்கும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். இடுகைகளுக்கு வாக்களிக்க உதவிய தமிழ்மணத்தின் ஓட்டுப்பட்டை .காம் முகவரியை நம்பி எழுதப்பட்டது; அது .இன் முகவரியில் வேலை செய்ய மறுத்தது. முகவரியின் இறுதியில் என்சிஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் திருப்பல் நிற்கும் என்பதைக் கண்டு, அதைத் தானாகச் செய்யும் நிரல்துண்டைப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

உண்மையான சேதம் எட்டு ஆண்டு கழித்து வந்தது. 2020 நடுவில் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரின் உரிமை கூகுளின் கையைவிட்டுப் போய், வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவானது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்திய வாசகர்கள் தங்கள் உலாவியிலிருந்து நகலெடுத்து முகநூலிலும், விக்கிப்பீடியா மேற்கோள்களிலும், பிறர் பதிவுகளிலும் ஒட்டிய இணைப்புகள் ஒரே நாளில் செத்தன. பதிவுகள் அழியவில்லை; .இன் என்பதை .காம் என்று மாற்றித் தட்டினால் இன்றும் திறக்கும். பழைய பதிவு வைத்திருப்பவர் தம் இடுகைகளின் உள்ளே அந்த முகவரி எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி மாற்றுவது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடத் தக்க வேலை.

தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கருக்கு அதிலிருந்து முகவரி அமைக்கத் தெரியாது. 'பிளாக்-போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் எண்ணுமாக ஒன்றை உண்டாக்கிவிடும். கதைக்கும் கட்டுரைக்கும் ஒரே சாயலில் முகவரி அமைவதால், பின்னால் எதையும் பெயர் பார்த்து அடையாளம் காண முடியாது. வெளியிடும் முன்பே நிரந்தர இணைப்புப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் தட்டுவதே தீர்வு. வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் ஒவ்வொரு யுனிகோடு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 'சென்னை' என்ற ஒரு சொல்லுக்கு 6 குறிகள், ஆகவே 54 எழுத்துகள். இடமோ 200 எழுத்துகள்தான். நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான்.

சொந்தமாகப் பெயர் வாங்கி இணைத்தவர்களுக்கு வேறு கவலை: ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நினைவூட்டல் போகும் மின்னஞ்சலும், பணம் கட்டும் அட்டையும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். விட்டுப்போன பெயர்களை வாங்கிச் சூதாட்டத் தளமாக மாற்றுவோர் உண்டு.

பழுதுநீக்கம்

பதிவு திறக்கவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, கோளாறு நம்முடையதா என்பது. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்கும்படி இந்திய அரசு ஆணையிட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையுமே மூடிவிட்டன. 2011 மே மாதம் பிளாக்கர் ஏறத்தாழ 20 மணி நேரம் முடங்கியது. அந்த இரு நாள்களின் இடுகைகள் தற்காலிகமாக மறைந்து, பிறகு திரும்பின. இத்தகைய நேரத்தில் வார்ப்புருவில் கைவைத்தவர்கள்தாம் புதிய பழுதை உண்டாக்கிக்கொண்டார்கள். வேறொரு கைபேசியில், வேறொரு நிறுவனத்தின் இணைப்பில், மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்ப்பதே முதல் படி.

மற்றவர் பதிவுகள் திறந்து நம்முடையது மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் காரணம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பொருள்: வருகை எண்ணி, கடிகாரம், ஓட்டுப்பட்டை, வானிலைப் பெட்டி. அந்தச் சேவையகம் தூங்கினால் நம் பக்கமும் அதற்காகக் காத்து நிற்கும். சேவை மூடப்பட்டு அதன் பெயரை வேறொருவர் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நம் பதிவைத் திறக்கும் வாசகர் விளம்பரத் தளத்துக்குத் தூக்கியெறியப்படுவார். கடவுச்சொல் திருடப்பட்டதாகப் பதறத் தேவையில்லை. வார்ப்புருவின் நிரல் நிர்வாகப் பக்கத்தில் இயங்காது என்பதால் அங்கே உள்நுழைந்து, கேஜெட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். அதற்கு முன் வார்ப்புருவின் படியை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பதிவுகளின் வலப்பக்கத்தில் பழைய திரட்டிகளின் பட்டைகள் இன்னும் தொங்குகின்றன. அவற்றை எடுத்துவிடலாம்.

பழைய இடுகை ஒன்று வெறும் குறியீட்டுக் குப்பையாகத் தெரிந்தால், அது பழைய குறியேற்றங்களான திஸ்கியிலோ பாமினியிலோ தட்டப்பட்டதாக இருக்கலாம். எழுத்துகள் அழிந்துவிடவில்லை, குறியேற்றம் மட்டுமே வேறு. சுரதாவின் மாற்றி போன்ற கருவிகளில் ஒட்டினால் யுனிகோடாகிவிடும். படங்கள் மட்டும் காணோம் என்றால் பெரும்பாலும் திரும்பாது. முன்பு பிளாக்கரில் ஏற்றிய படங்கள் பிக்காசா வெப் ஆல்பத்தில் சேர்ந்தன. இடம் அடைக்கிறதென்று அந்த ஆல்பத்தை அழித்தவர்களின் பதிவுகளில் படங்களும் போயின. கூகுள் பிளஸ் வழியாக வந்த பின்னூட்டங்களும் அப்படியே: 2019இல் அந்தச் சேவை மூடப்பட்டபோது அவை நீக்கப்பட்டன. தவறுதலாகப் பதிவையே அழித்துவிட்டவர்களுக்கு 90 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

படி எடுத்தல்

பிளாக்கரின் அமைப்புகள் பக்கம் வழியாகவும், கூகுள் டேக்அவுட் வழியாகவும் இடுகைகளும் பின்னூட்டங்களும் அடங்கிய ஒரே கோப்பை இறக்கலாம். அதை வேர்ட்பிரஸ் அப்படியே ஏற்கும்; நோட்பேடில் திறந்தால்கூடத் தமிழ் எழுத்து படிக்கக் கிடைக்கும். அந்தக் கோப்பில் படங்களின் முகவரிதான் இருக்கும், படங்கள் இரா. அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதைப் பெருங்களத்தூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம், பெருங்களத்தூரின் தாழ்வான தெருக்கள் எல்லாம் அடையாற்று வெள்ளத்தில் நின்றன. தரைத்தளத்தில் இருந்தவர்கள் உயிரோடு மாடியேறுவதே பெரிதாக இருந்தது. கணினியும் காப்புப்படி உள்ள வெளிவட்டும் ஒரே மேசையில் இருந்தால், அது ஒரே படிதான். மேகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, வேறூரில் இருக்கும் உறவினரிடம் ஒரு பென்டிரைவில் ஒன்று என்று பிரித்து வைக்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முக்கியமான இடுகைகளின் முகவரியைக் கொடுத்துப் பதிந்துவைப்பதும் உதவும்.

படிகளில் சிறந்தது, பலர் கையில் பரவிக்கிடக்கும் படி. த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம் இந்த எண்ணத்தைச் செயலாக்கியது. வலைப்பதிவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அனுமதி கேட்டு, இடுகைகளைத் தொகுத்து மின்னூல்களாக வெளியிட்டது. ஈபப், மோபி, பிடிஎஃப் என்று எந்தக் கருவியிலும் படிக்கும் வடிவங்களில் தந்தது. மூலப்பதிவு மறைந்தாலும், இறக்கி வைத்த வாசகர்களிடம் நூல் இருக்கும். பொருளைப் பூட்டி வைப்பதுதான் காப்பு என்று நினைப்பவர்கள் இதை ஏற்கத் தயங்கலாம். ஓலைச்சுவடிகளில் படி எடுக்கப்படாதவை செல்லரித்துப் போனதை அறிந்த மொழியில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

எழுதியவருக்குப் பின்

டோண்டு ராகவன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். அவர் காலத்தில் எழுதத் தொடங்கிய பலர் இன்று முதியவர்கள். அதே 2013இல் கூகுள், செயலற்ற கணக்கு மேலாளர் என்ற வசதியைக் கொண்டுவந்தது. 3 முதல் 18 மாதம் வரை ஒரு காலத்தைக் குறித்துவைத்தால், அதுவரை கணக்கில் அசைவே இல்லாதபோது, நாம் சொன்ன அதிகபட்சம் 10 பேருக்குத் தகவலும் தரவும் அனுப்பப்படும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையை நிறுவனம் 2023இல் அறிவித்த பிறகு, இதை நிரப்பிவைப்பது இன்னும் அவசியமாகிவிட்டது. அதே ஆண்டு வேர்ட்பிரஸ்.காம் 38,000 டாலருக்கு நூறாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. தமிழில் எழுதும் தனியாள் பெரும்பாலோருக்கு அது எட்டாத தொகை.

எந்த ஏற்பாடும் செய்யாமல் ஒருவர் இறந்தால், நெருங்கிய குடும்பத்தார் இறப்புச் சான்றிதழோடு கூகுளுக்கு விண்ணப்பிக்கலாம். கணக்கை மூடவும், சில நேர்வுகளில் உள்ளடக்கத்தைப் பெறவும் வழி உண்டு; கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் தரமாட்டார்கள். முன்பே நிர்வாகியாகச் சேர்க்கப்பட்ட மகளோ நண்பரோ இருந்தால் பதிவை நடத்த இந்தக் கடிதப் போக்குவரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அவர் தம் கணக்கிலிருந்தே முழுப் படியையும் இறக்கலாம், குப்பைப் பின்னூட்டங்களை நீக்கலாம், எழுதியவர் மறைந்த செய்தியை முகப்பில் இடலாம்.