நிற்கும் கடமை: 1994 திருத்தத்தில் உதிர்ந்த ஒரு கூறு

விபத்து நடந்த இடத்தை விட்டு ஓடும் ஓட்டுநர் பற்றிய இந்தியச் சட்ட வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டை வரைகிறார்கள். இங்கிலாந்தின் 1903 மோட்டார் கார் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தொடங்கி, இங்கு 1914, 1939, 1988 மோட்டார் வாகனச் சட்டங்கள் வழியாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) வரை ஓட்டுநரின் பொறுப்பு படிப்படியாக இறுகி வந்தது என்பது அவர்களின் முடிவு. தண்டனைகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால் அது சரிதான். 1988 சட்டத்தின் 187ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. 2019 திருத்தம் அதை 6 மாதமாகவும் 5,000 ரூபாயாகவும் உயர்த்தியது. 106(2) பத்தாண்டு வரை போகிறது. ஆனால் எவ்வளவு தண்டனை என்பது ஒரு கேள்வி, என்ன செய்யச் சொல்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக வைத்துக்கொண்டதுதான் இந்த வாசிப்பின் குறை. கடமையைத் தனியே பின்தொடர்ந்தால் கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கிறது.

அந்த இடம் 1988 சட்டத்தின் 132ஆம் பிரிவு. முதலில் இயற்றப்பட்டபோது, ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டிய மூன்று சூழல்களை அது தனித்தனியே சொன்னது: சீருடைக் காவலர் கேட்கும்போது, மிரளும் விலங்கை வைத்திருப்பவர் கேட்கும்போது, வண்டி விபத்தில் சம்பந்தப்படும்போது. மூன்றாவதான (இ) கூறுக்கு யாரும் கேட்க வேண்டியதில்லை. விபத்துக்கு அந்த ஓட்டுநர் காரணமா இல்லையா என்பதும் பொருட்டில்லை. 1939 சட்டத்தின் 87ஆம் பிரிவிலிருந்து வந்த வாசகம் அது.

14.11.1994 முதல் நடைமுறைக்கு வந்த 1994இன் 54ஆம் எண் திருத்தச் சட்டம் இந்த (இ) கூறை நீக்கியது. விபத்து பற்றிய சொற்கள் (அ) கூறுக்குள் போயின. சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத, சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால், விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டி நிற்க வேண்டும் என்று அது இப்போது படிக்கப்படுகிறது. எழுத்தை எழுத்தாகப் பிடித்துப் படித்தால், நள்ளிரவு நெடுஞ்சாலையில் ஒருவரை இடித்துத் தள்ளிய லாரிக்கு இந்தப் பிரிவின்படி நிற்கும் கடமை, அதிகாரி ஒருவர் வந்து கேட்ட பிறகுதான் பிறக்கிறது. அடிபட்டவருக்கு அதனால் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. தண்டனை சொல்லும் 187ஆம் பிரிவு, இல்லாமல் போன (இ) கூறையே தொடர்ந்து சுட்டிக்கொண்டிருந்தது. 2019 திருத்தம்தான் அதை (அ) என்று மாற்றியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் 132ஐப் பொறுத்தவரை அந்தச் சுட்டு வெற்றிடத்தைக் காட்டியது.

134ஆம் பிரிவு காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறதே, நிற்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு, நிற்கும் கடமை அங்கே உள்ளடங்கியிருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே 1994 சட்டம்தான், கும்பலின் ஆத்திரம் அல்லது கைமீறிய வேறு காரணத்தால் இயலாது போனாலொழிய என்ற விலக்கை 134இன் முகப்பில் வைத்தது. விலக்கை நாடுபவர், உதவாததற்கான காரணத்தைக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் போதும்.

(இ) கூறு ஏன் போனது? இரண்டு கூறுகளை ஒன்றாக்கும்போது நேர்ந்த வரைவுப் பிழை என்று கொள்ள இடமுண்டு. 187 திருத்தப்படாமல் விடப்பட்டது அதற்குச் சான்று. என் வாசிப்பு வேறு. அருகருகே உள்ள இரு பிரிவுகளில் ஒரே சட்டம் செய்த மாற்றங்கள் ஒரே திசையில் போகின்றன: ஓட்டுநரை விபத்திடத்திலிருந்து விலக்கிக் காவல் நிலையத்தின் பக்கம் நகர்த்துகின்றன. உதவும் கடமையின் ஒரு பங்கு மருத்துவர் மேல் ஏறியது. முறைமைகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்ற வாசகமும் அப்போது 134இல் சேர்ந்ததே. அதன் பின்னணியில் 1989 பரமானந்த் கட்டாரா தீர்ப்பைக் காணாமல் இருக்க முடியாது. கார் மோதிய ஸ்கூட்டர் ஓட்டியை அருகிலிருந்த மருத்துவமனை சேர்க்க மறுத்து, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார் என்ற செய்தியிலிருந்து எழுந்த வழக்கு அது. நோக்கத்தை இப்படி ஊகிப்பது வாசகங்களின் அண்மையை மட்டுமே நம்பிய வாதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

106(2) இந்த நகர்வை முறிக்கவில்லை, முடித்து வைக்கிறது. கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்து, விரைவில் காவல் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தெரிவிக்காமல் தப்பிப்பதையே அது குற்றமாக்குகிறது. உயிருக்குப் போராடுபவரைச் சாலையில் விட்டுவிட்டு நேரே காவல் நிலையம் போய்ச் சொன்னவர் அதன் பிடியில் வருவாரா என்பது ஐயமே. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எழுந்த அச்சமும் கும்பலைப் பற்றியதுதான். 1994லேயே சட்டம் ஏற்றுக்கொண்ட அச்சம் அது. 2024 பிப்ரவரி 23 அறிவிக்கை, சன்ஹிதாவின் மற்றப் பிரிவுகளுக்கு ஜூலை 1 என்று நாள் குறித்து, 106(2)ஐ மட்டும் நாள் குறிக்காமல் ஒதுக்கி வைத்தது. அந்த நாள் எதுவாக இருந்தாலும், 132இன் (அ) கூறு அப்படியே இருக்கும் வரை, யாரும் கேட்காமலே நிற்க வேண்டும் என்ற 1939இன் தெளிவான வாசகம் அந்தப் பிரிவுக்குத் திரும்பப் போவதில்லை.