கல்லுக்கும் ஓர் உறுதி வேண்டும்

கற்கால அம்புமுனை ஒன்றைக் கையில் தந்து, "இது அசலா, போலியா?" என்று கேட்டால், கேட்பவர் நினைப்பது போல் விடை சொல்வது இலகுவான காரியமல்ல. எலும்புக்கும் கரித்துண்டுக்கும் பானை ஓட்டுக்கும் வயது கணிக்க விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. கல்லின் சங்கதி வேறு. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டுவன் ஒருவன் உடைத்த கல்லும், நேற்றுப் பின்னேரம் வியாபாரி ஒருவன் உடைத்த கல்லும் ஒரே பாறையிலிருந்து வந்திருக்கலாம். கல் என்ற வகையில் இரண்டுக்கும் வயது ஒன்றுதான். நாம் அறிய விரும்புவது கல்லின் வயதையல்ல, அதில் விழுந்த அடியின் வயதை. நெருப்பில் வெந்த கல்லாயின் வெந்த காலத்தை ஓரளவுக்குக் கணிக்கலாம். மற்றக் கற்கள் வாய் திறப்பதில்லை.

இந்த மௌனத்தை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்களுள் பேர்போனவர் எட்வர்ட் சிம்சன் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் யோர்க்சயர்க் கரையோரத்தில், விற்பி பட்டினத்துக்கு அண்மையில், 1815ஆம் ஆண்டளவில் பிறந்தவர். சிறுவயதில் ஜோர்ஜ் யங் என்ற அறிஞரிடம் வேலைக்கு நின்றார். யங் விற்பியின் வரலாற்றை எழுதியவர். புவிச்சரிதவியலில் மிகுந்த ஈடுபாடுடையவர். அவர் பின்னால் பை சுமந்து திரிந்த பையன் கற்களையும் உயிர்ச்சுவடுகளையும் இனங்காணப் பழகிக்கொண்டான். பள்ளிக்கூடம் தராத படிப்பு அது.

1843இல் தரகர் ஒருவர் தீக்கல்லாலான அம்புமுனை ஒன்றைச் சிம்சனிடம் காட்டி, "இதைப்போல ஒன்று செய்வாயா?" என்று கேட்டாராம். முதலில் சரிவரவில்லை. ஒரு நாள் படலையொன்றின் இரும்புக் கொளுக்கியால் தட்டிப் பார்த்தபோது சில்லுகள் ஒழுங்காகக் கழன்று விழுந்தன என்பது அவரே பின்னாளில் சொன்ன கதை. அதன் பிறகு அவர் நிற்கவில்லை. ஊர் ஊராகக் கால்நடையாகத் திரிந்து அம்புமுனை, கற்கோடரி, பழைய தாழி என்று தாமே செய்தவற்றைக் கனவான்களுக்கும் பாதிரிமாருக்கும் விற்றார். 'தீக்கல் ஜாக்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 'எலும்பன்', 'சட்டையில்லாதவன்' என்று வேறு பட்டங்களும் இருந்தன. கிடைத்த காசு பெரும்பாலும் மதுக்கடைக்கே போயிற்று.

1859இல் லண்டனில் பேராசிரியர் ஜேம்ஸ் டெனன்ட் நேரே கேட்டபோது உண்மையை ஒப்புக்கொண்டார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1862 ஜனவரியில் புவிச்சரிதவியலாளர் சங்கத்தின் கூட்டமொன்றில், கற்றறிந்த பெரியவர்கள் முன்னிலையில், மேடையில் இருந்தபடியே தீக்கல்லைத் தட்டி அம்புமுனை செய்து காட்டினார். 1867இல் களவுக் குற்றத்துக்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் ஓராண்டு கிடந்தார். இந்த மனிதர் மீது எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. கல்லாயுதம் எப்படி உருவானது என்று அறிஞர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கையால் அறிந்திருந்த மிகச் சிலருள் இந்தக் குடிகாரரும் ஒருவர். போலி என்று தெரிந்த பின்னரும் அவருடைய கைவேலையைச் சில நூதனசாலைகள் போலி என்ற பெயருடனேயே பாதுகாத்து வைத்திருக்கின்றன.

அதே காலத்தில் வாழ்ந்த ஜோன் எவன்ஸ் கடதாசி ஆலை நடத்தியவர். அவரும் கல்லைத் தட்டிப் பழகியவர். ஆனால் விற்பதற்காக அல்ல, விளங்கிக்கொள்வதற்காக. பிரித்தானியாவின் கல்லாயுதங்கள் பற்றி 1872இல் அவர் வெளியிட்ட பெருநூல் நெடுங்காலம் துறைசார்ந்தோரின் கைநூலாக இருந்தது. போலியை இனங்காண அவர் பார்த்தவை இன்றும் பார்க்கப்படுபவையே. புதிதாக உடைத்த தீக்கல்லின் முகம் மங்கலாக இருக்கும். நெடுங்காலம் மண்ணில் கிடந்ததன் முகத்திலோ ஒரு மினுக்கம் படிந்திருக்கும். அல்லது வெண்மை பூத்திருக்கும். அல்லது கிடந்த மண்ணின் செம்மஞ்சள் நிறம் உள்ளே ஊறியிருக்கும். சிலவற்றில் செடியின் கிளை போன்ற நுண்ணிய கருங்கோடுகள் படர்ந்திருக்கும். பழங்காலத்தவன் கல்லாலும் மான்கொம்பாலும் தட்டினான். இரும்புச் சுத்தியலோ அடித்த இடத்தில் நொறுங்கிய சிறு புள்ளியை விட்டுச் செல்லும். இக்காலத்துப் போலிக்காரர் செப்பு முனையால் அழுத்திச் சில்லெடுப்பதால், உருப்பெருக்கியின் கீழ் செப்புத் துகள் தென்படுவதும் உண்டு. தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பார்கள், அமிலத்தில் தோய்ப்பார்கள், பசை தடவி மண்ணை அப்புவார்கள். வெந்நீரும் தூரிகையும் இருந்தால் இவற்றில் பாதி கழன்றுவிடும்.

ஆனால் இந்த அடையாளங்கள் தீக்கல்லுக்கே அதிகம் பொருந்தும். நம் நாட்டின் கற்காலத்தவர் பெரும்பாலும் கையாண்டது குவாட்ஸ் எனப்படும் வெண்ணிறப் படிகக் கல். அது ஆயிரமாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் முகம் மாறுவது அரிது. அதைப் பார்த்து வயது சொல்கிறேன் என்று ஒருவர் புறப்பட்டால், அவரிடம் சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.

கண்ணை நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்குப் பிரான்சின் வடக்கிலுள்ள அபெவில் நகரம் நல்ல சாட்சி. அங்கே சுங்க அதிகாரியாக இருந்த பூஷே டி பெர்த், ஆற்றுச் சரளைப் படைகளில் கற்கோடரிகளைக் கண்டெடுத்து, மனிதன் மிகத் தொன்மையானவன் என்று பல்லாண்டுகள் வாதாடியவர். 1859இல் எவன்ஸும் பிரெஸ்ட்விச்சும் நேரில் சென்று பார்த்து அவர் சொல்வது சரியென்று ஏற்றார்கள். அத்தோடு அவர் திருப்திப்பட்டிருக்கலாம். கோடரி கிடைத்தது, அதைச் செய்த மனிதனின் எலும்பு கிடைக்கவில்லையே என்ற தவிப்பு அவரை விடவில்லை. எலும்பைக் கண்டெடுக்கும் தொழிலாளிக்கு 200 பிராங்க் சன்மானம் என்று அறிவித்தார். 1863 மார்ச் மாதத்தில் முலான் கினியோன் என்ற சரளைக் குழியில் மனிதத் தாடையெலும்பு ஒன்று, கற்கோடரிகள் சகிதம், "கிடைத்தது".

பெரிய அறிஞர்கள் இரு பிரிவாயினர். இரு நாட்டு விற்பன்னர்களும் மே மாதத்தில் கூடி ஆராய்ந்து, பெரும்பான்மையாக அது அசலென்றே முடிவு கூறினார்கள். எவன்ஸ் மசியவில்லை. கோடரிகளைக் கழுவியபோது நிறம் கையோடு வந்தது என்பதை அவர் மறக்கவில்லை. அகழ்வில் கைதேர்ந்த ஹென்றி கீப்பிங் என்பவரை அங்கே அனுப்பினார். சரளையிலிருந்து தாம் எடுத்த கோடரியைச் சூழ்ந்திருந்த களியில் கீப்பிங் கண்டது விரல் அடையாளங்களை. யாரோ கோடரியைத் திணித்து, மேலே களியை விரலால் அமுக்கியிருக்கிறார்கள். அந்த 200 பிராங்க் அறிவிக்கப்பட்டிராவிட்டால் அந்த விரல்கள் அங்கே போயிருக்குமா?

இதை வாசித்த நாளில் என் வகுப்பறைச் சம்பவமொன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கம் வந்த ஒருவர், பழைய கல், பழைய காசு இருந்தால் நல்ல விலை தருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமையே ஏழாம் தரத்து மாணவன் ஒருவன் காற்சட்டைப் பையிலிருந்து மூன்று வெண்கற்களை எடுத்து என் மேசையில் வைத்தான். "சேர், இது பழசா?" இரண்டு வெறும் ஆற்றுக் கற்கள். மூன்றாவது முக்கோணமாக, விளிம்பு கூராக இருந்தது. அடிபட்ட இடத்தில் வெண்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். "வாப்பாட சுத்தியலால நான்தான் உடச்ச சேர்" என்று சிரித்தான். பன்னிரண்டு வயதில் ஒரு தீக்கல் ஜாக்! அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. விலை பேசிவிட்டுப் போனவர் அல்லவா அவன் கையில் சுத்தியலைக் கொடுத்தார்.

இதுவரை சொன்னவையெல்லாம் கல்லே போலியான கதைகள். கல் அசல், இடம் பொய் என்றால் என்ன செய்வது? ஜப்பானில் நடந்தது அதுதான்.

ஷினிச்சி புஜிமுரா பல்கலைக்கழகத்தவர் அல்லர். ஆர்வத்தினால் அகழ்வுக்கு வந்தவர். 1981இல் மியாகி மாகாணத்தின் ஸஸராகியில் அவர் எடுத்த கற்கருவிகள் 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனப் புகழ்பெற்றன. பின்னர் போன இடமெல்லாம் இன்னும் பழைய கருவிகள். மற்றவர்கள் நாட்கணக்கில் தோண்டியும் காணாததை அவர் வந்ததும் காண்பார். 'கடவுளின் கை' என்றே அவரை அழைத்தார்கள். கமிதகமோரி என்ற இடத்தில் தொன்மை ஆறு இலட்சம் ஆண்டுகளைத் தொட்டது. ஜப்பானின் எரிமலைச் சாம்பல் படைகளுக்கு வயது நன்கு தெரியும். கல் பேசாவிட்டாலும் படை பேசும். ஆகவே கல்லை உரிய படைக்குள் வைத்துவிட்டால் போதும்.

2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் மைனிச்சி பத்திரிகையாளர்கள் மறைவாகக் கமெராவுடன் காத்திருந்தார்கள். விடியற்காலையில் புஜிமுரா தனியாக வந்து குழி தோண்டிக் கற்களைப் புதைத்து, மண்ணை மிதித்து மூடுவது பதிவாயிற்று. நவம்பர் 5ஆம் திகதி படங்கள் வெளியாயின. அவ்வருடம் கமிதகமோரியில் கிடைத்த 65 கருவிகளில் 61ஐத் தாமே புதைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். ஜப்பானியத் தொல்பொருளியல் சங்கம் 2003இல் விசாரணையை முடித்தபோது, அவர் கைபட்ட 162 இடங்கள் பொய்யெனத் தீர்ந்தன. அவர் புதைத்தவை பல, வேறிடங்களில் மேல்மண்ணில் பொறுக்கிய பிற்காலத்து அசல் கருவிகள். அவற்றில் கலப்பையும் மண்வெட்டியும் உரசிய இரும்புக் கோடுகள் இருந்தன. இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆழத்தில் கிடந்த கல்லில் கலப்பை எப்படி உரசும்? பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. 1986இலேயே ஷிசுவோ ஓடாவும் சார்ள்ஸ் கீலியும் ஐயம் எழுப்பிக் கட்டுரை எழுதியிருந்தார்கள். அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆசிரியன் என்ற வகையில் என்னை உறுத்துவது பாடப்புத்தகம். அந்தத் தொன்மை ஜப்பானியப் பாடநூல்களில் ஏறி, பிறகு நீக்கப்பட்டது. அதைக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியரும் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளையும் எந்தக் கல்லையும் விலைக்கு வாங்கியவர்கள் அல்லர். ஆனாலும் ஏமாந்தார்கள்.

சந்தேகமும் அளவு மீறினால் கொல்லும். அந்தப் பரபரப்பில், 1960களில் ஹிஜிரிதாகிக் குகையை ஆராய்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் மித்சுவோ ககாவா மீதும் வார இதழொன்று ஐயத்தைக் கிளப்பியது. 2001 மார்ச்சில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள்; நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

காணி வாங்கப் போகிற எவரும் காணியை மட்டும் பார்ப்பதில்லை. உறுதியைக் கேட்கிறார், பதிவுக் கந்தோரில் தேடிப் பார்க்கிறார், அயற்காணிக்காரரையும் விசாரிக்கிறார். கல்லுக்கும் அப்படியொரு உறுதி உண்டு. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் படையில், எவற்றின் பக்கத்தில் கிடந்தது, யார் யார் பார்த்திருக்க எடுக்கப்பட்டது என்பதே அந்த உறுதி. சந்தையில் வரும் கல்லுக்கு இது கிடையாது. வெளிநாட்டுச் சந்தைகளில் 'அசல்' என்று அத்தாட்சிப் பத்திரத்தோடு விற்கிறார்கள். கல்லைவிடக் கடதாசியைப் போலியாக்குவது சுலபம். சந்தைக்கு வந்த கல் அசலாகவே இருந்தாலும், குறிப்பெடுக்காமல் பிடுங்கிய கணத்திலேயே அதன் உறுதி கிழிந்துவிடுகிறது. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழவும் முடியாது. மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. இச்சட்டத்தைப் பணக்காரச் சேகரிப்பாளரைவிட வறிய கிராமத்தவன் மீது பாய்ச்சுவதே வழக்கம் என்ற குறை எனக்குண்டு. அதை வேறொரு சந்தர்ப்பத்தில் எழுதலாம்.

களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகளைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியானது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவின் மழைக்காட்டில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் அதில் காட்டினார்கள். குரங்கு எலும்பைச் சீவிக் கூராக்கிய, விரல் நீளம்கூட இல்லாத துண்டுகள் பல அவற்றில் உண்டு. அவை கிடந்த படையும், அதே படையின் கரித்துண்டுகளும், எடுத்தவர்களின் குறிப்புகளுமே அவற்றுக்கு அந்த வயதைக் கொடுத்தன. அவற்றை ஒரு சந்தையில் பரப்பி வைத்தால், கோழியெலும்பு என்று காலால் தள்ளிவிட்டுப் போவார்கள்.