நடுராத்திரி நாக்பூர்

தில்லியில் இருக்கும் தமிழரிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் வராது. "தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி" என்றுதான் பதில் வரும். ரயில் பாதை ஏறக்குறைய 2,180 கி.மீ. வான்வழி 1,760 தான். இப்போது ரெண்டே முக்கால் மணி நேரம்.

சரி, ஜெட் வருவதற்கு முன்னால்?

1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை ஆரம்பித்தது. அப்போதைய தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நடுநிசி தாண்டி நாக்பூரில் கூடும். தபால் மூட்டைகளும் பயணிகளும் விமானம் மாற, காலையில் நாலு ஊரிலும் தபால் இறங்கிவிடும். பகலெல்லாம் எழுதிய கடிதம் சாயங்காலம்தானே பெட்டியில் விழுகிறது! அது தூங்கும் நேரத்தில் பறக்கட்டும் என்பதுதான் கணக்கு.

ஏன் நாக்பூர்? நாட்டின் நடுவில் இருக்கிறது என்று சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். நான் வரைபடத்தை வைத்து ஒருநாள் கணக்குப் போட்டேன். தில்லியிலிருந்து நாக்பூர் சுமார் 850 கி.மீ., அங்கிருந்து சென்னை சுமார் 905. கூட்டிப் பாருங்கள். நேராகப் பறப்பதற்கும் நாக்பூரில் இறங்கிப் போவதற்கும் பத்து கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. பம்பாய் - கல்கத்தா கோட்டிலும் இருபதுக்குள்தான். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு ஊர் அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

ஆரம்பத்தில் ஓடியவை டகோட்டாக்கள். மணிக்கு 270 கி.மீ. வேகம் என்று வைத்தால் தில்லி - மெட்ராஸ் பறக்க மட்டும் ஆறரை மணி நேரம், நாக்பூர் காத்திருப்பு தனி. ஆனாலும் பகல் விமானத்தைவிட டிக்கெட் மலிவு, ஒரு நாள் லீவும் மிச்சம். ஆபத்தும் இல்லாமலில்லை. 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரில் கிளம்பிய டகோட்டா ஒன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஹரிஹர்நாத் சாஸ்திரி அதில் ஒருவர்.

பிறகு வைக்கவுண்ட் வந்தது, ஜெட் வந்தது. நேரடி விமானங்கள் பெருகின. நாக்பூரில் கூடவேண்டிய அவசியம் போய், 1970களில் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், இரவு பதினோரு மணிக்கு ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு முடியவில்லை. உடனே கிளம்பவேண்டும். எனக்குக் கிடைத்த முதல் விமானம் விடியற்காலைதான். விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து விடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்துக்கு 1950இல் ஒரு தில்லி குமாஸ்தா நாக்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். விடிந்து கொஞ்ச நேரத்தில் மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருப்பார். நான் வீட்டு வாசலை மிதித்தபோது மணி பத்தரை.