பொழச்சதும் பொழப்பும்

என் அப்பாயிக்கு இங்கிலீஷ் தேதி தெரியாது. யாருக்காவது வயசு கேட்டால், "புயலுக்கு ரெண்டு வருசம் மூத்தவன்", "புயலன்னிக்கு வயித்துல இருந்தவ" என்றுதான் சொல்வார். அந்தப் புயல் 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியது. பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் அன்றைக்கு ரேடியோ கிடையாது. காற்று திசை மாறிய பிறகுதான் விஷயமே புரிந்ததாம். கூரை போனதும் தாத்தா பிள்ளைகளைப் பத்தாயத்துக்குள் இறக்கிவிட்டு, மேலே பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "சம்பா அறுப்புக்கு முன்னாடி பத்தாயம் காலியாத்தானே கெடக்கும். அதுலதான் ஒங்கப்பன் பொழச்சான்" என்பார் அப்பாயி.

அன்றைய அரசாங்கத்திடம் ஏற்பாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது பஞ்சத்துக்காக உருவான ஏற்பாடு. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த பஞ்ச விதிகள் கலெக்டருக்கு வேலை கற்றுக்கொடுத்தன: விளைச்சலைப் பார், விலையைப் பார், நிவாரண வேலையைத் திற. பஞ்சம் மெதுவாக வரும், கணக்கெடுக்க அவகாசம் தரும். புயல் தராது. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகும் பழைய தடமே நீடித்தது. மத்திய அரசில் இந்தப் பொறுப்பு வேளாண் அமைச்சகத்திடம் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு தாசில்தார் வருவார், கணக்கெடுப்பார், எப்போதாவது பணம் வரும்.

இது மாறுவதற்கு நாடு மூன்று அடி வாங்க வேண்டியிருந்தது. 1999இல் ஒடிசா பெரும்புயல். 2001இல் குஜராத் நிலநடுக்கம். 2002இல் பொறுப்பு உள்துறைக்குக் கைமாறியது. மூன்றாவது அடி எங்கள் பக்கத்திலேயே விழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியபோது நம் நேரம் காலை ஆறரை. அலை நாகப்பட்டினம் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் கடற்கரைக்கு ஒரு வார்த்தை சொல்ல நாட்டில் ஆளில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 23இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், மாநில ஆணையத்துக்கு முதல்வர், மாவட்டத்துக்குக் கலெக்டர். மீட்புக்கென்று தனிப்படை உருவானது. அதில் ஒரு பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கரையோரங்களில் உலக வங்கிக் கடனில் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது இந்த ஏற்பாடு வேலை செய்தது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் போனார்கள். இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. பத்தாயத்துக்குள் பிழைத்த என் அப்பா இந்த முறை பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தார். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

விடிந்ததும் தோப்புக்குப் போனார். நூற்று நாற்பது தென்னையில் பதினொன்று நின்றது. சாய்ந்த மரத்துக்கு அரசு அறிவித்தது 1,100 ரூபாய்: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அப்பா ஒரே ஒரு வரிதான் சொன்னார்: "ஆளு பொழச்சிட்டோம். இனிமே பொழப்புக்கு என்ன பண்றது?"

பிழைப்பது ஒன்று, பிழைப்பு இன்னொன்று. சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. 2005 சட்டத்தில் இரண்டு நிதிகளுக்கு அடுத்தடுத்த பிரிவுகளில் இடம் உண்டு. 46ஆம் பிரிவு இடர் வந்த பிறகு மீட்புக்கும் நிவாரணத்துக்கும். 47ஆம் பிரிவு இடர் வருவதற்கு முன்பே பாதிப்பைக் குறைப்பதற்கு. தேசிய அளவில் முதல் நிதி 2010இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது 2021இல்தான் வந்தது. கஜா இந்த இடைவெளியில் வந்து போனது. பதினைந்தாவது நிதிக்குழு பணத்தை மீட்புக்கு 80, தணிப்புக்கு 20 என்று பிரித்தது.

டெல்டாவுக்கு இந்த 'முன்பே' புதிதல்ல. கடைமடையில் பல இடங்களில் பாசன வாய்க்காலே வடிகாலும்கூட. அது தூர்ந்துபோனால் ஐப்பசி மழை வயலிலேயே நின்று சம்பாவை அழுகவைக்கும். அதனால்தான் குடிமராமத்து என்று ஊரே மண்வெட்டி பிடித்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் அது கட்டாய உழைப்புச் சட்டமாகவே ஆனது. அந்தக் கட்டாயத்தில் யார் முதுகு வளைந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் வாய்க்கால் வெட்டுவதும் உயிர்காக்கும் படகு வாங்குவதும் ஒரே கணக்கில் வர வேண்டியவை என்ற அறிவு அந்த வழக்கத்தில் இருந்தது.

போன முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்த 80க்கு 20 கணக்கைச் சொன்னேன். புதுத் தென்னைகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே கேட்டார்.

"பரவால்ல, இருவதாச்சும் வச்சிருக்கான். நம்ம வடிகால வெட்ட அதுலேர்ந்து எப்ப வருமாம்?"

ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வடிகாலில் கோரை ஆளுயரம் நின்றது.